மயில் உள்ளானைக் காத்திருந்து படமெடுக்கும் முறை

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குக் கேமராவுடன் வருவோரின் கண் முதலில் பூநாரைகளின் மேல்தான் விழும். அதே சதுப்பின் ஓரத்தில், கோரைக்கும் சேற்றுக்கும் நடுவே, காடையைவிடச் சற்றுப் பெரியதாக உடலை ஒடுக்கி நிற்கும் மயில் உள்ளான் என்ற பறவையைப் பலர் அருகிலிருந்தும் காணாமலே கடந்துவிடுகின்றனர். ஆள் நெருங்கினால் உடனே பறக்காமல், அசைவற்று உறைந்து நிற்பது அதன் இயல்பு. எனவே தேடி நடப்பதை விடுத்து, அது வரக்கூடிய இடத்தில் முன்னதாகவே அமர்ந்திருக்க வேண்டும்.

முதல் நாள் கேமரா இல்லாமல் சென்று இடத்தைப் பார்த்து வையுங்கள். ஆழமில்லாத தண்ணீர், அதையொட்டி இளகிய சேறு, சட்டென்று ஒளிந்துகொள்ளக் கோரையோ சம்போ ஆகிய மூன்றும் கூடிய மூலையே அதற்கு ஏற்றது. வற்றத் தொடங்கிய ஏரிகளிலும் நெல்வயல் ஓரங்களிலும் இப்படிப்பட்ட மூலைகள் உண்டு. வைகறையிலும் அந்தியிலுமே அது பெரும்பாலும் இரை தேடுவதால், விடிவதற்கு அரை மணி நேரம் முன்பே, கிழக்கு உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு அமர்ந்துவிடுங்கள். சாலையோரமாக நிறுத்திய கார் நல்ல மறைவிடம். கதவைத் திறந்து இறங்காதவரை பறவை அதைப் பொருட்படுத்துவதில்லை.

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரையில், காய்ந்த மண்கட்டி என்று நான் எண்ணியிருந்த ஒன்று, நாற்பது நிமிடங்கள் கழித்துப் பின்புறத்தை மேலும் கீழும் ஆட்டியபடி நடக்கத் தொடங்கியது. கண்ணைச் சுற்றிய வெண்வளையமும், அதிலிருந்து பின்னோக்கி நீளும் கீற்றும், செம்பழுப்புக் கழுத்தும் அது பெண் என்று காட்டின. இந்த இனத்தில் பெண்ணுக்கே நிறம் அதிகம்; மங்கலான உடலில் பொன்னிறப் புள்ளிகள் கொண்ட ஆண்தான் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கிறது.

400 அல்லது 500 மி.மீ. லென்ஸை மணல் நிரப்பிய துணிப்பையின் மேல், இயன்றவரை நீர்மட்டத்துக்கு அருகே தாழ்த்தி வையுங்கள். தானியங்கிக் குவியம் முன்னால் நிற்கும் கோரைத் தாளைப் பற்றிக்கொள்ளும் என்பதால், ஒற்றைக் குவியப் புள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பறவையின் கண்ணின்மேல் வைக்க வேண்டும். பறவை உறைந்து நிற்கும்போது ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும். உடலை ஆட்டத் தொடங்கினால் வேகம் 1/800க்குக் குறையக் கூடாது. அதற்காகக் கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை தயங்காமல் உயர்த்தலாம், ஏனெனில் அதனால் படத்தில் தோன்றும் மணல்போன்ற புள்ளிகளைப் பிறகு குறைத்துக்கொள்ள முடியும், அசைவால் கலங்கிப் பதிந்த கண்ணைத் திருத்த முடியாது. தோளில் ஏறும் வெண்பட்டை வெளிறிப்போகாதபடி ஒளியளவை ஒரு படி குறைத்து எடுப்பது என் வழக்கம்.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே அழைப்பதும், மறைக்கும் கோரையை ஒடிப்பதும் கூடவே கூடாது. ஆண் பறவையின் பின்னால் குஞ்சுகள் தெரிந்தால் அன்றைய படப்பிடிப்பை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கூட்டின் இடத்தையும் எவரிடமும் சொல்ல வேண்டாம். நல்ல படம் கிடைத்துவிட்டாலும் உடனே எழ வேண்டாம். பறவை தானாகக் கோரைக்குள் திரும்பிய பிறகே கிளம்புங்கள்.