மதத்தின் பெயரால் நடக்கும் வன்முறையை ஆராய்வது எப்படி?

ஒரு குண்டுவெடிப்போ கலவரமோ படுகொலையோ நடந்த சில மணி நேரத்துக்குள், "மதம்தான் இதற்குக் காரணம்" என்றும், "இதற்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்லை" என்றும் இரண்டு தீர்ப்புகள் எழுந்துவிடுகின்றன. முதல் தீர்ப்பு, எந்தக் குற்றமும் செய்யாத கோடிக்கணக்கான நம்பிக்கையாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. இரண்டாவது தீர்ப்பு, கொலை செய்தவர் தன் வாயாலேயே சொன்ன காரணத்தைக் கேட்க மறுக்கிறது. இத்தகைய நிகழ்வைப் பற்றி எழுதவோ பேசவோ கற்பிக்கவோ நேரும்போது, "மதம் காரணமா, இல்லையா" என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, "மதம் இதில் எந்தக் கட்டத்தில் நுழைந்தது, நுழைந்தபின் என்ன வேலை செய்தது" என்று கேட்கத் தொடங்குங்கள்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆட்சியைப் பிடிக்கவோ தக்கவைக்கவோ மாற்றவோ நடத்தப்படும் வன்முறை அனைத்தும் அரசியல் வன்முறையே. அதைச் செய்வது ஆயுதக் குழுவாக இருக்கலாம், அரசின் படையாகவும் இருக்கலாம். தீவிரவாதம் என்பது ஒரு கொள்கை எவ்வளவு கடுமையானது என்பதைக் குறிக்கிறது. பயங்கரவாதம் என்பது பொதுமக்களைத் தாக்கி அச்சத்தைப் பரப்பும் செயல்முறையைக் குறிக்கிறது. நம் ஊடகங்களில் இவ்விரண்டு சொற்களும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் புழங்குவதால், ஆயுதத்தையே தொடாத கடும் வைதிகரும் சந்தையில் குண்டு வைப்பவரும் ஒரே வரிசையில் வைக்கப்படுகிறார்கள். எந்தச் சொல் பொருந்தும் என்று தயங்கும் இடத்தில் பட்டப்பெயரைத் தவிர்த்து, நடந்த செயலை அப்படியே எழுதிவிடுவது நல்லது.

அடுத்ததாக, நிகழ்வுக்கு முந்தைய ஆண்டுகளை வரிசைப்படுத்துங்கள். இந்த வேலைக்கு வட அயர்லாந்தைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்தவரை இல்லை. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டினருக்கும் இடையிலான மதச் சண்டை என்றே உலகம் அதை அறிந்திருந்தது. ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் வேறொரு கதை தெரியும். 1921இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டு, அதன் வட பகுதி பிரிட்டனோடேயே இருந்தது. வடக்கில் சிறுபான்மையாகிப்போன கத்தோலிக்கர்கள் வீட்டு ஒதுக்கீட்டிலும் வேலைவாய்ப்பிலும் உள்ளாட்சி வாக்குரிமையிலும் பாகுபாட்டுக்கு உள்ளானார்கள். 1968 அக்டோபர் 5 அன்று டெரி நகரில் குடிமை உரிமைகள் கேட்டு ஊர்வலம் சென்றவர்களைக் காவல்துறை அடித்துக் கலைத்தது. 1971 ஆகஸ்டில் விசாரணையின்றிச் சிறையிலடைக்கும் நடைமுறை வந்தது. 1972 ஜனவரி 30 அன்று அதே டெரியில் பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். அதன்பின், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐரிஷ் குடியரசுப் படையில் சேர இளைஞர்கள் திரண்டார்கள். 1998இல் உடன்பாடு ஏற்படுவதற்குள் ஏறத்தாழ 3,500 பேர் உயிரிழந்திருந்தார்கள். இத்தனை ஆண்டுகளில் திருப்பலியின் அப்பம் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலாகிறதா என்று இரு பிரிவினரும் மாறுபடும் கேள்விக்காக அங்கே யாரும் யாரையும் சுடவில்லை. 1998ஆம் ஆண்டு உடன்பாடும் அதிகாரப் பகிர்வு, காவல்துறைச் சீர்திருத்தம், கைதிகள் விடுதலை, ஆயுதக் களைவு ஆகியவற்றைப் பற்றித்தான் பேசியது.

ஆனால் அங்கே மதத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பள்ளிகள் தனித்தனி, குடியிருப்புகள் தனித்தனி, கலப்புத் திருமணம் அரிது. யார் நம்மவர், யார் அயலார் என்ற எல்லைக்கோட்டை மதமே வரைந்து தந்தது. இதை அடையாள வேலை என்று குறித்துக்கொள்ளுங்கள். மதம் செய்யக்கூடிய வேறு வேலைகளும் உண்டு. கூடுமிடம், நிதி, நம்பிக்கைக்குரிய தொடர்புகள் ஆகியவற்றைத் தருவது அமைப்பு வேலை. கொலையைக் கடமையாக மாற்றிக் காட்டுவது நியாயப்படுத்தும் வேலை. மிகவும் ஆபத்தானது, பேரம் பேசித் தீர்க்கக்கூடிய ஒன்றைப் புனிதமாக்குவது. நிலம் புனிதமாகிவிட்டால் விட்டுக்கொடுப்பது பாவமாகிவிடுகிறது.

இந்த வேலைகளில் எது நடந்தது என்று கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. மதக் கோட்பாட்டை நீக்கிவிட்டு அதே நிகழ்வைச் சொல்லிப் பாருங்கள். வட அயர்லாந்தின் கதை அப்போதும் நிற்கும். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற ஜப்பானிய மதக் குழு சாரின் நச்சுவாயுவைப் பரப்பிய கதை நிற்காது. உலக அழிவு நெருங்கிவிட்டது என்ற போதனை இல்லாமல் அதை விளக்க முடியாது. அங்கேகூட அரசியல் முற்றிலும் விலகி நிற்கவில்லை. 1990ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்குழு நிறுத்திய 25 வேட்பாளர்களும் தோற்றார்கள். வாயுத் தாக்குதல் நடந்தபோது காவல்துறையின் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ராபினை 1995 நவம்பர் 4 அன்று சுட்டுக் கொன்ற மாணவர், உயிரைப் பறிக்கத் துரத்தி வருபவனைக் கொல்லலாம் என்ற யூத மதச் சட்டக் கருத்தைத் தன் செயலுக்கு ஆதாரமாகக் காட்டினார். அவரைத் தூண்டியதோ, பாலஸ்தீனர்களுடன் 1993இல் கையெழுத்தான ஓஸ்லோ உடன்பாட்டின்படி நிலத்தை விட்டுக்கொடுக்கும் அரசியல் முடிவு. கோட்பாடும் அரசியலும் ஒன்றையொன்று பற்றவைத்த இத்தகைய நிகழ்வுகளில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயலாதீர்கள், இரண்டையும் எழுதுங்கள்.

அரசு என்ன செய்தது என்ற கேள்வியை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. பெரும்பாலான செய்திகளில் விடுபடுவது இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அல்ஜீரியாவில் 1991 டிசம்பரில் நடந்த முதல் சுற்றுத் தேர்தலில் இஸ்லாமிய மீட்பு முன்னணி முன்னிலை பெற்றது. 1992 ஜனவரியில் ராணுவம் தேர்தலையே நிறுத்தியது. தொடர்ந்து வந்த உள்நாட்டுப் போரில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டார்கள். நைஜீரியாவில் போகோ ஹராம் என்ற இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவை நிறுவிய முகம்மது யூசுப் 2009 ஜூலையில் காவலில் கொல்லப்பட்டார். அதன்பின் அக்குழு முன்னைவிடப் பன்மடங்கு கொடியதாக மீண்டு வந்தது. இவ்வாறு எழுதுவது ஆயுதக் குழுக்களின் குற்றத்தைக் குறைப்பதாகாது. சந்தைகளிலும் பள்ளிகளிலும் அவை செய்த கொலைகளுக்கு அவையே பொறுப்பு. எந்தக் கதவு அடைபட்டபோது எந்தக் கதவு திறந்தது என்பதைக் காட்டுவதே நோக்கம்.

ஒப்பீடு செய்யும்போது இரு திசைகளிலும் செய்யுங்கள். அதே மதத்தைப் பின்பற்றுவோர் வன்முறையின்றி வாழும் நாடுகள் எவை? அதே வன்முறை முறையை மதக் கோட்பாடு இல்லாதவர்கள் கையாண்டார்களா? மதத்தை அடிப்படையாகக் கொள்ளாத விடுதலைப் புலிகள் இயக்கம் 1987 முதல் தற்கொலைத் தாக்குதல்களை நடத்தியது என்பதை அறிந்தவர், அம்முறையை ஒரு வேதத்தின் விளைபொருள் என்று எழுதத் தயங்குவார். ஐரோப்பாவில் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில், கத்தோலிக்கக் கர்தினால் ரிஷெலியூ முதன்மை அமைச்சராக இருந்த பிரான்ஸ், கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் அரசகுலத்துக்கு எதிராகப் புராட்டஸ்டண்ட் ஸ்வீடனுக்குப் பணம் கொடுத்ததும் இவ்வகையில் நினைவில் வைக்கத் தக்கது.

ஒரு குழுவுக்குள் இருக்கும் எல்லாரும் ஒரே காரணத்துக்காக இருப்பதில்லை. தலைவர், போதகர், பணம் கொடுப்பவர், துப்பாக்கி ஏந்தும் பத்தொன்பது வயதுப் பையன் ஆகிய ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். அந்தப் பையன் அண்ணனையோ நண்பனையோ பின்தொடர்ந்து வந்திருக்கலாம். சிறையில் பட்ட அவமானம் அவனைத் தள்ளியிருக்கலாம். வேதத்தை அவன் சேர்ந்த பிறகே படித்திருக்கலாம். பொறுப்பேற்று வெளியிடப்படும் அறிக்கை ஆதரவாளர்களுக்கும் எதிரிகளுக்கும் எழுதப்படுவது. அதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கொல்லப்பட்டவர்கள் யார் என்றும் பாருங்கள். 2014 நவம்பர் 28 அன்று நைஜீரியாவின் கானோ நகரின் பெரிய பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வந்தவர்கள் குண்டுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இரையானார்கள். அந்த வட்டாரத்தின் வன்முறையை இரு மதங்களின் மோதல் என்று மட்டும் எழுதுபவர் இந்த இறந்தவர்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறார்.

வன்முறையைத் தடுத்த மதத்தவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் 2013இல் ஆயுதக் குழுக்கள் முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பெயர்களில் ஒன்றையொன்று வேட்டையாடியபோது, தலைநகர் பாங்குயியின் கத்தோலிக்கப் பேராயர் இமாம் ஒருவருக்குத் தன் இல்லத்தில் அடைக்கலம் தந்தார்; அவர்களோடு ஒரு போதகரும் சேர்ந்து மூவருமாக ஊர் ஊராகச் சென்று பேசினார்கள். மொசாம்பிக்கின் நீண்ட உள்நாட்டுப் போரை முடித்த 1992 அக்டோபர் 4ஆம் தேதி உடன்பாட்டுக்கு ரோமின் சான்ட் எஜிடியோ என்ற கத்தோலிக்கச் சமூகம் மத்தியஸ்தம் செய்தது.

எழுதி முடித்ததும், ஒரு மதத்தவர் முழுவதையும் எழுவாயாகக் கொண்ட வாக்கியங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் குறிப்பிட்ட குழுவின் பெயரையும் ஆண்டையும் இடத்தையும் இடுங்கள். எந்த நாளில், எந்த ஆதாரத்தைக் கொண்டு எழுதினீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். டெரி துப்பாக்கிச் சூட்டை விசாரித்த முதல் ஆணையம் 1972லேயே படையினரைப் பெரிதும் காப்பாற்றி அறிக்கை தந்தது. சுடப்பட்டவர்களால் யாருக்கும் ஆபத்து இருக்கவில்லை என்று இரண்டாவது விசாரணை அறிவித்து, பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டபோது 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆகியிருந்தது. முதல் அறிக்கையை நம்பி எழுதியவர்கள் திரும்பிச் சென்று திருத்துவதற்கு, தாம் எதை நம்பினோம் என்ற குறிப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது.