லினக்ஸ் கணினி திணறினால் எச்டாப்பைத் திறந்து பாருங்கள்

மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி அரை நொடி கழித்து வருகிறது, ஃபேன் இரைகிறது. பலர் உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிடுகிறார்கள். வேண்டாம். எந்த புரோகிராம் பாரமாக இருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் மூடினால் போதும். அதற்குத்தான் எச்டாப். ஹிஷாம் முகமது 2004-இல் தொடங்கிய இலவச மென்பொருள் இது.

உபுண்டு, டெபியன், மின்ட் வைத்திருப்பவர்கள் டெர்மினலை (கட்டளைகளை அடிக்கும் சாளரம்) திறந்து, 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எச்டாப்' (sudo apt install htop) என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடித்து என்டர் தட்டுங்கள். ஃபெடோராவில் 'ஆப்ட்' இடத்தில் 'டிஎன்எஃப்' (dnf). பாஸ்வேர்டு கேட்கும். நீங்கள் அடிப்பது திரையில் தெரியாது, பயப்படாமல் அடித்து முடியுங்கள். அப்புறம் 'எச்டாப்' (htop) என்று அடித்தால் திரை வண்ணமாக விரியும்.

மேலே எண் போட்ட பட்டைகள் ஒவ்வொன்றும் லினக்ஸ் பார்வையில் பிராசஸரின் ஒரு கோர் (தனியாக வேலை செய்யும் பகுதி). பச்சை நீங்கள் ஓட்டும் புரோகிராம்கள், சிவப்பு கெர்னலின், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் வேலை. அடுத்து 'மெம்' பட்டை. புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். பட்டை கிட்டத்தட்ட நிரம்பியிருக்கும். ரேம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் கேஷ். படித்த கோப்புகளை, மறுபடி வேண்டியிருக்கும் என்று லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமில் வைத்திருக்கிறது. ஒரு புரோகிராமுக்கு இடம் தேவைப்பட்டால் பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடும். பச்சை ஏறிக்கொண்டே போய், கீழே 'ஸ்வாப்' (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) பட்டையும் நிரம்பினால்தான் கவலைப்பட வேண்டும்.

கீழே புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். அதில் ஷிஃப்டோடு எம் அழுத்தினால் ரேம் அதிகம் தின்பவை மேலே வரும். ஷிஃப்டோடு பி அழுத்தினால் சிபியு வரிசை. 'விர்ட்' என்ற பத்தியில் பல ஜிபி காட்டும், அதைப் பொருட்படுத்தாதீர்கள். உண்மையில் ரேமில் இருப்பது 'ரெஸ்'. சிபியு 100 சதவீதத்தைத் தாண்டினாலும் தவறில்லை, ஒரு கோருக்கு 100 என்று கணக்கு.

எஃப்5 அழுத்துங்கள், எது எதைத் தொடங்கியது என்று கிளை கிளையாகத் தெரியும். என் 4 ஜிபி மடிக்கணினியில் பிரவுசர் ஒன்றின் கீழேயே இருபதுக்கு மேல் வரிசைகள் தொங்கும்.

சரி, நிறுத்துவது எப்படி? அந்த வரிக்குப் போய் எஃப்9. இடதுபக்கம் சிக்னல் (புரோகிராமுக்கு அனுப்பும் உத்தரவு) பட்டியல் வரும். 15 தேர்வாகியிருக்கும், என்டர் தட்டுங்கள். சேமித்துவிட்டு மூட புரோகிராமுக்கு அவகாசம் கொடுப்பது 15. 9 கேட்காமல் வெட்டிவிடும், சேமிக்காத வேலை போய்விடும். எடுத்த எடுப்பில் 9 போடாதீர்கள். கொஞ்சம் காத்திருந்தும் அசையவில்லையென்றால் மட்டும். பெயர் தெரியாத வரியைத் தொடவே வேண்டாம், டெஸ்க்டாப்பே மூடிக்கொள்ளலாம்.

புரோகிராமின் நிலையைக் காட்டும் 'எஸ்' பத்தியில் 'டி' என்றிருந்தால் அந்த புரோகிராம் பெரும்பாலும் டிஸ்க்கின் பதிலுக்குக் காத்திருக்கிறது. அந்த நிலையில் 9 போட்டாலும் உடனே போகாது, டிஸ்க்கைக் கவனியுங்கள்.

வெளியே வர எஃப்10 என்று போட்டிருக்கும். சில டெர்மினல்களில் அது மெனுவைத் திறந்துவிடும், அப்போது ஆங்கில கியூ எழுத்தை அழுத்துங்கள்.