வீடியோ கேமிலிருந்து பிறந்த போர்டு கேமுக்கு ரிவ்யூ எழுதுவது எப்படி?

பிரபலமான வீடியோ கேமின் பெயர் பெட்டியில் இருந்தாலே போர்டு கேம் பாதி விற்றுவிடும். வாங்குபவர் ஏற்கெனவே நேசிக்கும் ஒன்றை நம்பிப் பணம் கொடுக்கிறார். அதனால் இந்த வகைக்கு நல்ல ரிவ்யூ கட்டாயம் வேண்டும். முதல் ரிவ்யூ எழுதப்போகிறவர்களுக்காக, நான் பின்பற்றும் வழியை அப்படியே தருகிறேன்.

1. மூல விளையாட்டை ஒரே வரியில் எழுதுங்கள்

கதையை எழுத வேண்டாம். விளையாடுபவர் நிமிஷத்துக்கு நிமிஷம் என்ன செய்கிறார், அதை எழுதுங்கள். ஸ்டார்ட்யூ வேலி என்ற பண்ணை விளையாட்டா? "இன்றைய பொழுதை வயலில் கழிப்பதா, மீன் பிடிக்கவா, ஊராரைப் பார்க்கவா?" டார்க் சோல்ஸ் என்ற சண்டை விளையாட்டா? "தோற்றுத் தோற்று எதிரியின் அசைவைப் படிப்பது." அந்த வரி மேஜையிலும் உயிரோடு இருக்கிறதா என்று தேடுவதுதான் உங்கள் முழு வேலையும். 1982இல் மில்டன் பிராட்லி விற்ற பேக்மேன் போர்டு கேமில், மஞ்சள் பிளாஸ்டிக் பொம்மை பலகையில் இருக்கும் கோலிகளை நிஜமாகவே விழுங்கிக்கொண்டு போகும். அந்த விளையாட்டின் உயிர் எது என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மூல விளையாட்டை ஆடியதே இல்லையென்றால் சில மணி நேரமாவது ஆடுங்கள். முடியாவிட்டால் யாராவது ஆடும் வீடியோவைப் பாருங்கள், பார்த்ததோடு சரி என்பதை ரிவ்யூவிலும் சொல்லிவிடுங்கள்.

2. பெட்டியைப் பிரித்து அடுக்குங்கள்

செட்டப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு பெரிய மேஜை வேண்டும், ரூல்புக்கில் எந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மினியேச்சர்களின் (பெட்டியில் வரும் குட்டிப் பொம்மைகளின்) அழகுக்கு ஒரு பத்தி போதும்.

3. கணக்குப் போடுவது யார் என்று பாருங்கள்

நல்ல தழுவலையும் மோசமான தழுவலையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த இடம்தான். வீடியோ கேமில் கூட்டல், பெருக்கல், சதவீதம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். மேஜையில் அந்தச் சுமை முழுக்க நம் தலையில்.

2024இல் கைக்கு வந்த ஸ்லே த ஸ்பயர் போர்டு கேமை எடுத்துக்கொள்வோம். கார்டுகளை இறக்கி எதிரிகளோடு மோதும் விளையாட்டு இது. வீடியோ கேமில் ஸ்ட்ரைக் கார்டு 6 அடி கொடுக்கும், டிஃபெண்ட் 5 தடுக்கும். எதிரி மேல் 'வல்னரபிள்' (எளிதில் அடிபடும்) நிலை இருந்தால் அடி 50 சதவீதம் கூடும். போர்டு கேமில் ஸ்ட்ரைக்கும் 1, டிஃபெண்டும் 1. வல்னரபிள் டோக்கன் இருந்தால் அடி இரண்டு மடங்கு, அதோடு ஒரு டோக்கனை எடுத்துவிட வேண்டும். பின்னக் கணக்கே கிடையாது.

எண்கள் சுருங்கியும் விளையாட்டின் உயிர் போகவில்லை. எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறது என்று முன்பே தெரிந்துகொண்டு திட்டமிடுவதுதான் மூல விளையாட்டின் சுவை. இங்கே சுற்றின் தொடக்கத்திலேயே ஒரு பகடையை உருட்டிவிடுகிறார்கள். பகடையைப் பார்த்து நடக்கும் எதிரிகள் என்ன செய்யும் என்பது நீங்கள் கார்டு இறக்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். கார்டை மேம்படுத்த வேண்டுமா? உறையிலிருந்து உருவி, திருப்பிப் போட்டுச் செருகினால் போதும், மேம்பட்ட வடிவம் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. ரிவ்யூவில் இப்படி ஒரு விதியை எடுத்து, "அங்கே அப்படி, இங்கே இப்படி, இதனால் இந்தப் பலன்" என்று காட்டுங்கள். 'தீம் அருமை' என்று பத்து தடவை எழுதினாலும் வாசகருக்கு இதில் கிடைக்கும் தெளிவு கிடைக்காது.

4. எதை அப்படியே கொண்டுவந்திருக்கக் கூடாது?

2017இல் ஸ்டீம்ஃபோர்ஜ்ட் கேம்ஸ் வெளியிட்ட டார்க் சோல்ஸ் போர்டு கேம் இதற்குச் சரியான பாடம். அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை முதலில் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் பத்துக் கட்டங்கள் உள்ள ஒரு பட்டை இருக்கும். களைப்புக்குக் கறுப்புக் கட்டை ஒரு முனையிலிருந்தும், காயத்துக்குச் சிவப்புக் கட்டை மறுமுனையிலிருந்தும் ஏறும். இரண்டும் சேர்ந்து பட்டையை நிரப்பினால் சாவு. ஓடவும் பயம், அடிக்கவும் பயம். மூல விளையாட்டின் பதற்றம் அந்தச் சின்னப் பட்டையில் முழுசாக இருக்கிறது. பாஸின், அதாவது கடைசியில் வரும் பெரிய எதிரியின், கார்டுகளும் அப்படித்தான். கட்டு தீர்ந்ததும் கலைக்காமல் திருப்பி வைக்கிறார்கள், அதனால் அடுத்த அடி எது என்பதை மனப்பாடம் செய்து ஜெயிக்கலாம்.

ஆனால் இளைப்பாறும் இடமான நெருப்பிடத்துக்குத் திரும்பினால் செத்த எதிரிகள் மறுபடி எழுந்துவிடும், அதே அறைகளை மறுபடி ஆட வேண்டும். வீடியோ கேமில் அந்தத் திரும்பத் திரும்ப ஆடுதலில் நம் விரல்கள் தேறும். பகடை உருட்டும் கைக்கு அப்படி ஒரு தேர்ச்சி வராது, நேரம்தான் போகும். மூலத்துக்கு விசுவாசமாக இருப்பதே சில இடங்களில் குறையாகிவிடும். ரிவ்யூ எழுதுபவர் அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

5. ஆட்களை மாற்றி ஆடுங்கள்

தனியாக ஒரு தடவை, கூட்டமாக ஒரு தடவை கட்டாயம். 2015இல் வந்த, வேற்றுக்கிரகவாசிகளின் படையெடுப்பை எதிர்க்கும் எக்ஸ்காம் போர்டு கேமில் தளபதி, விஞ்ஞானி, படைத் தலைவர், தகவல் அதிகாரி என்று நான்கு பொறுப்புகள். செயலி கடிகாரத்தை ஓட்ட, நான்கு பேர் கத்திக்கொண்டு முடிவெடுக்கும்போது வரும் பரபரப்பு வேறு. எத்தனை பேர் உட்கார்ந்தாலும் பொறுப்பு நான்குதான். அதனால் ஒரே ஆள் நான்கையும் சுமந்தால் அது வேறொரு விளையாட்டு. செயலி இல்லாமல் இதை ஆடவே முடியாது. இப்படிப்பட்டவற்றுக்கு, செயலி இன்றைய போனில் இறங்குகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

மூல விளையாட்டைத் தொடாத ஒருவரையும் கூட உட்கார வையுங்கள். அவர் எங்கே சிரித்தார், எங்கே போனை எடுத்தார் என்று கவனியுங்கள். ரசிகர் பெயரைக் கேட்டதுமே மகிழ்ந்துவிடுவார். மற்றவருக்கு விதிகள் மட்டும்தான் துணை.

6. எவ்வளவு படிக்க வேண்டியிருக்கும்?

தமிழ் வாசகருக்கு இது ரொம்ப முக்கியம், பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். 'திஸ் வார் ஆஃப் மைன்' போர்டு கேமில் முற்றுகையிடப்பட்ட நகரத்தில் சாதாரண மக்கள் பிழைத்திருக்கப் பாடுபடுகிறார்கள். கூடவே தடிமனான ஒரு கதைப் புத்தகம் வரும். நடக்கும் சம்பவத்துக்கு ஏற்ற பத்தியைத் தேடி ஆங்கிலத்தில் உரக்கப் படிக்க வேண்டும். அந்தப் பத்திகள்தான் விளையாட்டின் மனசாட்சி. மேஜையில் ஒருவராவது சரளமாகப் படித்துச் சொல்ல வேண்டும், அதற்கான பொறுமை மற்றவர்களுக்கு வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு ஆட முடியுமா என்பதற்கு இங்கேதான் பதில் இருக்கிறது.

7. இப்போது எழுதுங்கள்

முதல் பத்தியிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுங்கள். பிறகு முதல் படியில் எழுதிய அந்த ஒரு வரி, அது மேஜையில் பிழைத்ததா, எந்த விதியால் பிழைத்தது. விதிகள் முழுவதையும் ஒப்பிக்க வேண்டாம், ஒரு சுற்று எப்படி நகரும் என்று காட்டினால் போதும். பத்துக்கு எட்டு என்று மதிப்பெண் போடுவதைவிட, "மூல விளையாட்டை ஆடியவர் வாங்கலாம், ஆடாதவர் நண்பர் வீட்டில் ஒருமுறை ஆடிப் பார்க்கட்டும்" என்று எழுதுவது உபயோகமானது.

எந்தப் பதிப்பு, எத்தனை பேரோடு ஆடினீர்கள், கூடுதல் பெட்டிகள் சேர்த்தீர்களா, நிறுவனம் இலவசமாகக் கொடுத்த பிரதியா என்பவை தலைப்புக்குக் கீழேயே வரட்டும். கடைசி வரியில் ஒளித்து வைத்தால், விலையைப் பார்த்துவிட்டுத் தயங்கி நிற்கும் வாசகர் அதுவரை வரமாட்டார்.