மே மாதக் கடற்கரையில் குடும்பத்தைப் படம் எடுப்பது எப்படி

கோடை விடுமுறையில் மாமல்லபுரமோ ராமேஸ்வரமோ போய்த் திரும்பும் குடும்பங்களின் போனைத் திறந்தால், பாதிக்கு மேற்பட்ட படங்களில் ஒரே குறைதான்: சுருங்கிய கண், கண்குழியில் கறுப்பு நிழல், வெளிறிப்போன வானம். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. கன்னியாகுமரியில் அதற்கும் இரண்டு வாரம் முன்பே. மே மாதம் முழுக்க அது உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சத்தில் நெற்றியும் மூக்கும் மின்னும், கண் இருண்டுபோகும். எந்த விலைக் கேமராவானாலும் இதுதான் நடக்கும்.

ஆகவே முதல் வேலை நேரத்தைத் தேர்ந்தெடுப்பது. மே மாதம் சென்னைக் கரையில் சூரியன் ஏறக்குறைய 5.45-க்கு எழும், ராமேஸ்வரத்தில் பத்து நிமிடம் பிந்தும். நம் ஊரில் அது சாய்வாக அல்ல, கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. மணிக்கு 14 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொன்னிற வெளிச்சம் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். எட்டு மணிக்கு மேல் முகம் எடுக்கக் கூடாது என்றே வைத்துக்கொள்ளலாம். விடுதியில் இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பினால் அன்றைய காலை போனதுதான்.

காலையில் நிழலுரு, மாலையில் முகம்

கிழக்குக் கரைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. காலையில் சூரியன் கடல் பக்கம். கடலைப் பின்னணியாக வைத்து ஆட்களை நிறுத்தினால் வெளிச்சம் அவர்கள் முதுகில் விழும், முகம் கறுக்கும். அந்த நேரத்தை நிழலுருவுக்கு, அதாவது ஆட்கள் கறுப்பு உருவமாக மட்டும் தெரியும் படத்துக்கு, விட்டுவிடுங்கள்: கை கோத்து நடக்கும் தாத்தாவும் பேத்தியும், குதிக்கும் பிள்ளைகள், இழுக்கப்படும் கரைவலை. போனில் சூரியனை ஒட்டிய வானத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுங்கள். ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் படாமல் இடைவெளி விட்டு நிற்கவேண்டும். ஒட்டி நின்றால் கறுப்பு மூட்டைபோலத் தெரியும்.

மாலையில் சூரியன் ஊர்ப்பக்கம் இறங்குகிறது. 5.30 முதல் 6.20 வரை கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர்களின் முகத்தில் இளமஞ்சள் வெளிச்சம் நேராக விழும், பின்னால் கடல் நீலமாக இருக்கும். குடும்பப் படத்துக்கு இதுதான் நேரம். ஒரே தொல்லை, படம் எடுப்பவரின் நீண்ட நிழல் ஆட்கள்மேல் போய் விழுவது. இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் தீர்ந்தது. சூரியன் மறைந்த பிறகு ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் கடல்மேல் வானம் இளஞ்சிவப்பாக இருக்கும். பெரும்பாலானோர் அப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோவிலுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அதன் கடல் பக்கச் சுவரில் காலை வெயில் படும். காலை ஆறு மணிக்கு உள்ளே போய்க் கிழக்குப் பக்கம் சுற்றி வந்தால் கல்லின் செதுக்கல் தெரியும். மாலையில் கரையிலிருந்து பார்த்தால் விமானங்கள் நிழலுருவாகும். வளாகத்துக்குள் முக்காலி வைக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் மாலை வெளிச்சத்தை நம்ப வேண்டாம். இருட்டுவதற்கு முன்பே திரும்பச் சொல்லிவிடுவார்கள். அங்கே காலைதான்.

கடல்கோடு கழுத்தை வெட்டுகிறதா?

கடற்கரைப் படங்களில் கண்ணை உறுத்தும் அடுத்த தவறு, ஆட்களின் கழுத்து வழியாகவோ காது வழியாகவோ ஓடும் கடல்கோடு, அதாவது கடலும் வானமும் சேரும் கோடு. இது தற்செயல் அல்ல. சமதளக் கரையில் கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ, முன்னால் நிற்பவரின் உடலில் அதே உயரத்தில்தான் கடல்கோடு போகும். உங்கள் கண் மட்டத்தில் போனைப் பிடித்தால் உங்கள் உயரமுள்ளவரின் கண் வழியாகக் கோடு ஓடும். போனை நெஞ்சுக்குக் கீழே இறக்குங்கள். கோடு அவர் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவே போய்விடும், தலை வானத்தில் தனித்துத் தெரியும்.

மூன்றடி உயரக் குழந்தையை நின்றபடி எடுத்தால் தலைக்குப் பின்னால் மணலும் நுரையும்தான் இருக்கும், கடல்கோடு தலைக்கு மேலே எங்கோ. அதுவும் சில சமயம் அழகுதான். ஆனால் குந்தி உட்கார்ந்தால் கோடு சரியாகக் குழந்தையின் முகத்தை வெட்டும். இன்னும் இறங்கி, மணலிலிருந்து ஒன்றரை அடியில் போனைப் பிடிக்கவேண்டும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வரும், முதுகு வளைக்க வேண்டியதில்லை. கோடு சாயாமலிருக்க போன் கேமராவின் அமைப்பில் (செட்டிங்ஸ்) கட்டக்கோடுகளை (கிரிட்) போட்டு வைக்கவும்.

குழுப் படத்துக்கு அகல லென்ஸ் வேண்டாம். போனில் ஜூம் 0.5-இல் எடுத்தால் ஓரத்தில் நிற்கும் அத்தை இரண்டு சுற்று பெருத்துவிடுவார், அதை அவர் மறக்கவும் மாட்டார். 1 அல்லது 2-இல் வைத்துப் பத்தடி பின்னால் போங்கள். பாட்டிக்கு நாற்காலி போடுவதானால் பொடிமணலில் வேண்டாம், கால் புதைந்து சாயும். அலை எட்டாத இறுகிய மணல் பார்த்துப் போடவும். எல்லோரும் கண்ணை மூடி, மூன்று எண்ணியதும் திறக்கட்டும். அந்த நொடியில் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். படம் எடுப்பவர் எந்தப் படத்திலும் இல்லாமல் போவது வழக்கம். தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து 10 நொடி டைமர் வைக்கலாம், அல்லது சுண்டல் விற்கும் பையனிடம் கொடுக்கலாம். படத்தின் சட்டத்தை (ஃபிரேம்) நீங்கள் முதலில் அமைத்துக் காட்டிவிட்டால் அவர் நன்றாகவே எடுப்பார்.

முதுகு கடலுக்கு என்றால் ஒருவர் காவல்

படத்துக்கு நிற்பவர்கள் கடலைப் பார்ப்பதில்லை, எடுப்பவரோ திரையைப் பார்க்கிறார். ஆக அலையைப் பார்க்க ஆளே இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் தென் கரையில் 'கள்ளக்கடல்' வரும்: தொலைதூரத் தென் இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களின் அலைகள் பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் கரையில் ஏறும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் கடலில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அந்த நாட்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. கிளம்புமுன் எச்சரிக்கை உண்டா என்று பாருங்கள். கடலுக்கு முதுகு காட்டி எடுக்கும் படம் எல்லாமே ஈரமணல் கோட்டுக்கு மேலே. வீட்டில் ஒரு பெரியவர் கையில் எதுவும் இல்லாமல் கடலை மட்டும் பார்த்து நிற்கட்டும். பாறைமேல், அலைத்தடுப்புக் கல்மேல் ஏறி எடுக்கும் படம் வேண்டவே வேண்டாம்.

வெளிச்ச அளவு

வெண்மணலும் நுரையும் வானமும் சட்டத்தை நிறைக்கும்போது கேமரா ஏமாந்து போகிறது. வெளிச்சம் அதிகம் என்று நினைத்து முழுப் படத்தையும் இருட்டாக்கும். மாநிறமோ கறுப்போ உள்ள முகங்கள் இதில் முதலில் அடிபடும். போனில் முகத்தைத் தொட்டு, வரும் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளுங்கள். கேமராவில் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை ஏற்றவும். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், முகம்தான் முக்கியம்.

ஓடும் பிள்ளைகளுக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி, தண்ணீர் தெறிப்பதற்கு 1/2000. வெயில் நேரத்தில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு) 200 போதும். போனில் இந்த அளவைக் கையால் மாற்ற முடியாவிட்டாலும் நல்ல வெயிலில் அதுவே வேகமாக எடுத்துக்கொள்ளும். மாலை மங்கிய பிறகுதான் ஓடும் கால் கலங்கும். அப்போது ஓடவிடாமல் உட்கார வைத்து எடுங்கள். போனின் ஃபிளாஷ் ஐந்தடிக்கு மேல் பயன் தராது.

நண்பகலில் எடுத்தே ஆகவேண்டுமென்றால் நிழலைத் தேடுங்கள். கரையில் ஏற்றி வைத்த படகின் நிழல், கீற்றுக் கொட்டகையின் விளிம்பு இரண்டும் அருமையான இடங்கள். விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே நிறுத்தினால் வெளியே வெயில் பட்ட மணல் கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் அடிக்கும், கண்குழி நிழல் காணாமல் போகும். சவுக்குத் தோப்பு குளிர்ச்சிதான், ஆனால் இலையிடுக்கில் விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அடர்ந்த இடம் பார்க்கவும். கேமராக்காரர்கள் போலரைசர் (எதிரொளியைக் குறைக்கும் லென்ஸ் வடிகட்டி) வைத்திருந்தால் அதை நண்பகலில் ஆழமில்லாத தெளிந்த நீருக்குப் பயன்படுத்தலாம்: மினுமினுப்பு அடங்கி அடிமணல் தெரியும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தை அது விழுங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கரையில் உயிர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். துறைமுகங்களில் படகுகள் வரிசையாக நிற்கும், பழுது பார்ப்பதும் வண்ணம் பூசுவதும் நடக்கும். வருடத்தின் வேறு மாதங்களில் கிடைக்காத காட்சி. நாட்டுப்படகுகள் வழக்கம்போலப் போய் வரும். வலை பின்னுபவரையும் மீன் விற்கும் அக்காவையும் கேட்டுவிட்டு எடுங்கள்.

மணலில் அடப்பங்கொடியின் ஊதாப் பூ காலையில்தான் விரிந்திருக்கும், வெயில் ஏறினால் சுருங்கும். ராவணன் மீசை என்னும் புல்லின் முள் வெறுங்காலைப் பதம் பார்க்கும், குழந்தைகளை எச்சரியுங்கள். வளை தோண்டும் வெளிர்நிற நண்டு காலடி அதிர்வுக்கே ஓடி ஒளியும். வளைக்கு ஆறடி தள்ளிக் குப்புறப் படுத்து, போனை மணலோடு ஒட்டிப் பிடித்து அசையாமல் ஐந்து நிமிடம் காத்திருந்தால் முதலில் இரண்டு கண்காம்பு நீளும், பிறகு ஒரு கை மணல் வெளியே வந்து விழும், அப்புறம்தான் உடம்பு. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை.

மார்ச் முதல் மே வரை பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரியும் காலம். பொரிப்பகங்களில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது பார்க்க அனுமதிப்பதுண்டு. ஃபிளாஷும் டார்ச்சும் கூடாது. வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து அவை திசை மாறும். கேமராவில் ஃபோகஸுக்கு எரியும் சிறு விளக்கை முன்பே அணைத்து, திரை வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள்.

உப்பு, மணல், சூடு

ஏ.சி. அறையிலிருந்து நேரே கரைக்கு வந்தால் லென்ஸில் பனி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். சூரியோதயத்துக்குப் போகிறீர்கள் என்றால் முந்தைய இரவே போனையும் கேமராவையும் பையில் மூடி, ஏ.சி. படாத இடத்தில் வையுங்கள். மறந்தால் பையோடு இருபது நிமிடம் வெளியே வைத்துத் திறக்கவும். எதிர்ப்பக்கம் சூடு: ஐபோன்களுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பே 35 டிகிரி. கத்திரி வெயிலில் திரை மங்கும், சார்ஜ் ஏறாது. ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும். நிழலில் ஈரத்துண்டின் பக்கத்தில் வைத்தால் போதும்.

லென்ஸில் பட்ட உப்புத்துளியைச் சேலைத் தலைப்பாலோ சட்டையாலோ துடைக்கக் கூடாது. அதில் ஒட்டிய மணல் கீறிவிடும். முதலில் காற்றடிக்கும் ரப்பர் ஊதுகுழலால் மணலைப் போக்கி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் துடைக்கவும். கரையில் லென்ஸ் மாற்றவே வேண்டாம். தண்ணீர்புகா உறையை வாங்கினால் உள்ளே டிஷ்யூ வைத்து வாளித் தண்ணீரில் அரைமணி அமுக்கிப் பாருங்கள். நீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது, ஒலி பொத்தானால் எடுங்கள். போன்களுக்குச் சொல்லும் ஐபி68 என்ற தண்ணீர்புகாத் தரம் நன்னீர்ச் சோதனையில் வருவது, உப்புநீருக்கு அது உத்தரவாதம் இல்லை. அப்படிப்பட்ட தண்ணீர்புகாப் போனில் கடல்நீர் பட்டால் நன்னீரில் மெல்லக் கழுவி, சார்ஜ் துளை கீழே பார்க்க வைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே சார்ஜரைச் செருகவும். ஈரத்தோடு செருகினால் துளையின் ஊசிகள் அரித்துப்போகும்.