காமாக் கதிரால் அணுக்கருவைத் தட்டிப் பார்ப்பது எப்படி?

காரைக்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ப்ராஜெக்ட் சமயம் வந்தால் யாராவது ஒரு பேப்பரை நீட்டி, "காமா பீம் என்கிறார்கள், எங்கே ஆரம்பிப்பது சார்?" என்பார்கள். அவர்களுக்குச் சொல்வதுதான் இது.

பாத்திரக் கடையில் ஆச்சிமார் வெண்கலப் பானையைச் சுண்டி, சத்தத்தைக் கேட்டு வாங்குவார்கள். இங்கும் அதே வேலைதான். ஃபோட்டானால் (காமாக் கதிரின் ஒரு துகளால்) கருவைச் சுண்டுகிறோம், அது திருப்பி விடும் ஃபோட்டானைப் பிடிக்கிறோம். புரோட்டானால் அடித்தால் வலுவிசையும் உள்ளே புகுந்து கணக்கைக் குழப்பும். ஃபோட்டானுக்கு மின்காந்த விசை மட்டும்தான், அதன் கணக்கு நமக்கு அத்துப்படி.

முதலில் பீமை, அதாவது காமாக் கதிர்க் கற்றையை, காகிதத்தில் உண்டாக்குங்கள். எலக்ட்ரானும் லேசரும் நேருக்கு நேர் மோதினால், திரும்பும் ஃபோட்டானின் ஆற்றல் லாரன்ஸ் காரணியின் (எலக்ட்ரானின் ஆற்றலை அதன் நிறை ஆற்றலால் வகுத்தது) வர்க்கத்தைப்போல் நான்கு மடங்கு பெருகும். எலக்ட்ரான் 500 எம்.இ.வி. (ஒரு எம்.இ.வி. பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட், அதாவது இ.வி.) என்றால் காரணி 978. பச்சை லேசர் 2.33 இ.வி. பெருக்கினால் 8.92 எம்.இ.வி. எலக்ட்ரானின் பின்னுதைப்பைக் கழித்தால் 8.77. இப்போது எலக்ட்ரானை 505க்கு ஏற்றுங்கள், பீம் 8.94 வரை போகும். போரான் 11-இன் 8.92 நிலை (அந்த ஆற்றலுள்ள ஃபோட்டானை விழுங்கிக் கரு ஏறி நிற்கும் படி) அதற்குள் விழுந்துவிடும். அளவு சரிபார்க்கப் போரானை வைப்பது இந்தத் துறையில் வழக்கம். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்து பீமும் இதே வழிதான். லேசரைக்கூட அங்கே அதே வளையத்து எலக்ட்ரான்களே உண்டாக்குகின்றன.

பீம் நமக்குக் கிடைக்காது. காமாக் கதிரின் ஆற்றலை அளக்கும் ஜெர்மானியம் டிடெக்டர் எங்காவது கிடைக்கும், அதில் பழகுங்கள். எந்தக் கதிரியக்க சோர்ஸும் வைக்காமல் நாள்கணக்கில் ஓடவிடுங்கள். கருங்கல்லிலும் செங்கல்லிலும் உள்ள பொட்டாசியம் 40, 1460.8 கே.இ.வி.யில் (ஆயிரம் இ.வி. ஒரு கே.இ.வி.) பீக் போடும், அதாவது ஸ்பெக்ட்ரத்தில் அந்த ஆற்றலில் ஒரு முகடு எழும். தோரியம் வரிசையில் வரும் தாலியம் 208-இன் பீக் 2614.5இல் நிற்கும். அதற்குக் கீழே 2103.5இலும் 1592.5இலும் குட்டிப் பீக்குகள் தெரிந்தால் புது நிலை என்று துள்ளாதீர்கள். டிடெக்டருக்குள் எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடி பிறந்து, பாசிட்ரான் அழியும்போது வரும் 511 கே.இ.வி. ஃபோட்டான்களில் ஒன்றோ இரண்டோ தப்பிப்போனதன் தடம் அவை. ஒன்று தப்பிய 2103.5 பீக், மற்ற இரண்டையும்விட அகலமாக இருக்கும். 1592.5க்குப் பக்கத்திலேயே 1588.2இல் ஆக்டினியம் 228-இன் நிஜப் பீக் ஒன்று உண்டு. இவை இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரிந்தவருக்குத்தான் நான் அடுத்த பாடம் எடுப்பேன். பீம் ஸ்பெக்ட்ரத்தில் இந்தத் தப்பிய பீக்குகள் இன்னும் பெரிதாக இருக்கும். பொய்ப் பீக்கை நிலையென்று எண்ணினால் மற்றதெல்லாம் வீண்.

அடுத்து ஸ்பின், அதாவது அந்த நிலையின் சுழற்சி அளவு. புரோட்டானும் நியூட்ரானும் இரட்டைப்படையாக உள்ள கருவில் அடிநிலை ஸ்பின் சுழி. ஒரே பீக்கை பீமின் திசையிலிருந்து 90 டிகிரியிலும் 127 டிகிரியிலும் அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 0.73 வந்தால் ஸ்பின் 1, 2.28 வந்தால் ஸ்பின் 2. முடிந்தது.

பாரிட்டிக்குத்தான் (கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பினால் நிலையின் குறி மாறுமா என்பது) முனைவாக்கம் (மின்புலம் ஒரே திசையில் துடிப்பது) வேண்டும். லேசரின் முனைவாக்கம் காமாவிலும் அப்படியே வருகிறது. மின்புலம் கிடைமட்டம் என்று வையுங்கள். ஸ்பின் 1 நிலை மின் இருமுனையாகத் துடித்தால் (பாரிட்டி எதிர்) பீமுக்கு மேலும் கீழும் உள்ள டிடெக்டர்களில் பீக் வரும், பக்கவாட்டில் வராது. காந்த இருமுனை என்றால் (பாரிட்டி நேர்) தலைகீழ். இரண்டு ஸ்பெக்ட்ரத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் பார்த்தால், ஒன்றில் இருக்கும் பீக் மற்றதில் துடைத்துவிட்டதுபோல் காணாமல் போயிருக்கும். எனக்கு இதைவிட அழகான படம் இந்தத் துறையில் கிடையாது. காடோலினியம் 156இல் 3.1 எம்.இ.வி. அருகே 1984இல் டார்ம்ஸ்டாட்டில் எலக்ட்ரான் சிதறலில் கண்ட "கத்தரிக்கோல்" அதிர்வு (புரோட்டான்களும் நியூட்ரான்களும் கத்தரிக்கோலின் இரு அலகுகள்போல் எதிரெதிரே ஆடுவது), காந்த வகைதான்.

நிலைகளைச் சரிபார்க்க புரூக்ஹேவன் ஆய்வகத்தின் தரவுத்தளம் இலவசமாகவே இருக்கிறது. நிறை எண் ஒற்றைப்படையான கருவில் கோணத்துக்குக் கோணம் வித்தியாசம் மங்கிவிடும், மேலே சொன்ன விகிதங்கள் உதவாது. உங்கள் கையில் இருப்பது அப்படிப்பட்ட பேப்பர் என்றால், கைடிடம் பணிவாக வேறு பேப்பர் கேளுங்கள்.