உயிரியல் வீட்டுப்பாடமும் ஆய்வகப் பதிவேடும் தேங்காமல் இருக்க

மேல்நிலை வகுப்பில் உயிரியலைத் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கு ஒரே பாடத்தின் பெயரில் இரண்டு பாடங்கள் வந்து சேர்கின்றன. உயிரி-தாவரவியலுக்கு ஓர் ஆசிரியர், உயிரி-விலங்கியலுக்கு ஓர் ஆசிரியர், இரண்டுக்கும் தனித்தனி வீட்டுப்பாடம், தனித்தனிப் பதிவேடு என்றாகிவிடுகிறது. எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணை இரண்டும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று நூறு நிறைகிறது. ஒரு வாரம் தவறினால் இரண்டு பாடங்களின் வேலை சேர்ந்து நிற்பதால், இயற்பியலிலும் வேதியியலிலும் தடுமாறாத பிள்ளைகள்கூட உயிரியலில் பின்தங்கிவிடுகிறார்கள். பென்னாகரம், அரூர், அஞ்செட்டி, ஊத்தங்கரை போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து திரும்பும் மாணவர்களுக்கு மாலையில் மாடு பிடிப்பது, பட்டுப்புழுவுக்கு இலை போடுவது, தக்காளி பறிப்பது என வீட்டு வேலைகளும் உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நான் முதலாவதாக வலியுறுத்துவது, ஆய்வகத்தில் கண்டதை அன்றைக்கே எழுதி வரைந்துவிட வேண்டும் என்பதுதான். ரெக்கார்டு நோட்டை அரையாண்டுத் தேர்வு வரை தொடாமல் வைத்திருந்து, பிறகு முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டை வாங்கி இரவெல்லாம் பார்த்து எழுதும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அதற்கு ஆகும் நேரம், உரிய நாளில் எழுதுவதற்கு ஆகும் நேரத்தைவிடக் குறைவானதன்று. ஆனால் அதனால் கற்பது ஒன்றும் இல்லை. ஆய்வு நடந்த அன்று மாலை ஒரு பக்கப் படத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம், ஏனென்றால் நுண்ணோக்கியில் பார்த்த உருவம் கண்ணில் நிற்கிறது. அதே படத்தை மூன்று மாதம் கழித்து வரையும்போது நீரைக் கடத்தும் சைலம் எந்தப் பக்கம், உணவைக் கடத்தும் புளோயம் எந்தப் பக்கம் என்பதற்கே புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கும்.

ஆய்வகத்துக்குப் போவதற்கு முந்தைய நாள்

செய்முறை வகுப்பு எந்தக் கிழமை என்பது கால அட்டவணையிலேயே இருக்கிறது. முந்தைய நாள் இரவே அப்சர்வேஷன் நோட்டில் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, காண்பவற்றுக்கும் முடிவுக்கும் இடம் விட்டு வைக்க வேண்டும். வகுப்பில் கிடைக்கும் நேரம் இரண்டு பாடவேளைதான். அதில் பாதியைச் செய்முறையை எழுதிக்கொள்வதிலேயே செலவிடுகிறவருக்கு நுண்ணோக்கியின் முன்னால் நிற்க முறை வருவதற்குள் மணி அடித்துவிடும்.

சில ஆய்வுகளுக்கு இதைவிட முன்னதாகவே வீட்டில் வேலை தொடங்கிவிடுகிறது. மைட்டாசிஸ் செல்பகுப்பைப் பார்க்க வெங்காய வேர்நுனி வேண்டும். பழைய வேரைச் சுரண்டி எடுத்துவிட்ட வெங்காயத்தை, அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடும்படி ஒரு கண்ணாடிக் குவளையின் வாயில் உட்கார வைத்தால், சில நாள்களில் வெள்ளை வேர்கள் இறங்கும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். காலை நேரத்தில் நறுக்கிய இளம் வேர்நுனியில்தான் பகுப்படையும் செல்கள் மிகுதியாகக் கிடைக்கும் என்பதால், ஆசிரியர் அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த நிலைநிறுத்தியைக் கொடுத்திருந்தால் காலையிலேயே நறுக்கி அதில் போட்டுவிடுவது நல்லது. வெங்காயத்தில் 16 குரோமோசோம்கள் உண்டு. அவற்றை எண்ணிவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம், மெட்டாஃபேஸ் நிலையில் அவை நடுக்கோட்டில் அடுக்கி நிற்பதைத் தெளிவாகக் கண்டாலே போதும்.

குறுக்கு வெட்டு: அதிகப் பொறுமை வேண்டிய இடம்

ஒரு தாவரவியல் பதிவேட்டின் தரம் பெரும்பாலும் குறுக்கு வெட்டுத் தோற்றங்களிலேயே தெரிந்துவிடும். இதில் முதல் கேள்வி எந்தத் தண்டை எடுப்பது என்பது. இருவித்திலைத் தண்டுக்கு வரப்போரம் எங்கும் கிடைக்கும் வெட்டுக்காயப் பூண்டோ, இளம் சூரியகாந்தித் தண்டோ ஏற்றது. மென்மையாக இருக்கிறதே என்று பூசணிக் கொடியை எடுத்துவரும் மாணவர்கள் குழம்பிவிடுகிறார்கள், ஏனென்றால் சைலமும் புளோயமும் சேர்ந்த அதன் வாஸ்குலார் கற்றையில் சைலத்தின் இரு பக்கங்களிலும் புளோயம் இருக்கும். பாடத்தில் சொல்லப்பட்ட பொது அமைப்போடு அது ஒத்துவராது. ஒருவித்திலைத் தண்டுக்கு மக்காச்சோளத்தின் இளம் தண்டு போதும். அதில் கற்றைகள் வளையமாக அமையாமல் சிதறிக் கிடக்கும், ஒவ்வொரு கற்றையையும் தடித்த சுவருள்ள செல்களால் ஆன ஸ்கிளீரன்கைமா உறை சூழ்ந்திருக்கும்.

பிளேடு புதியதாக இருக்க வேண்டும். ஒரு முறை பென்சில் சீவிய பிளேடும் உதவாது. தண்டையும் பிளேடையும் நீரில் நனைத்துக்கொண்டு, அழுத்தாமல், தன்னை நோக்கி ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். மிக மெல்லிய தண்டாக இருந்தால் கேரட் துண்டைப் பிளந்து நடுவில் செருகி, இரண்டையும் சேர்த்து வெட்டலாம். வெட்டியவற்றை வாட்ச் கிளாஸில் உள்ள நீரில் மிதக்கவிட்டு, பிரஷ்ஷால் மிக மெல்லியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழு வட்டமாக வந்த தடித்த துண்டைக் காட்டிலும், பாதி வட்டமே உள்ள மெல்லிய துண்டு பல மடங்கு பயன்படும், ஏனென்றால் தடித்ததன் வழியே ஒளி புகாது. சாஃப்ரனின் சாயத்தில் சிறிது நேரம் வைத்து, மிகுந்த சாயம் போகக் கழுவி, ஒரு சொட்டு கிளிசரினில் வைத்து, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்கினால் காற்றுக் குமிழி வராது. லிக்னின் படிந்த சைலச் சுவர்கள் சிவப்பேறி நிற்கும். கறுத்த விளிம்போடு முழு வட்டமாகத் தெரிவது செல் அன்று, காற்றுக் குமிழி என்பதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நுண்ணோக்கியில் எப்போதும் குறைந்த உருப்பெருக்கத்தில்தான் தொடங்க வேண்டும். கண்ணருகு லென்சு 10 மடங்கு, பொருளருகு லென்சு 10 மடங்கு என்றால் மொத்தம் 100 மடங்கு. 45 மடங்கு லென்சுக்கு மாற்றினால் 450. உயர் உருப்பெருக்கத்துக்கு மாறிய பிறகு பெரிய திருகைத் தொடக் கூடாது, தொட்டால் லென்சு கண்ணாடியில் மோதி இரண்டும் பாழாகும். ஒரு பள்ளியில் இருப்பதே சில நுண்ணோக்கிகள்தான் என்பதால் இதில் கவனம் மிகவும் தேவை.

படம் வரையும்போது முதலில் எச்பி பென்சிலால் வெளிக்கோட்டுப் படம் ஒன்றையும், அதன் ஒரு பகுதியை விரித்துக் காட்டும் படம் ஒன்றையும் வரைய வேண்டும். பெயர் சுட்டும் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டாமல், எல்லாம் வலப்புறம் ஒரே நேர்வரிசையில் முடிய வேண்டும். தன் வெட்டில் தெரிந்த கற்றைகளைத்தான் வரைய வேண்டும். புத்தகத்தில் எட்டு இருக்கிறது, எனக்கு ஐந்துதான் தெரிந்தது என்றால் ஐந்தையே வரையுங்கள். அதைப் பார்த்து மதிப்பெண்ணைக் குறைக்கும் நல்ல ஆசிரியரை நான் கண்டதில்லை.

நம் ஊர் நிலமே மாதிரிக் களஞ்சியம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நகரத்து மாணவருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. பாடத்தில் வரும் உயிரிகளில் பலவற்றை வீட்டைச் சுற்றியே பார்க்கலாம், ஆகவே வீட்டுப்பாடத்தையும் ஆய்வக வேலையையும் ஒன்றாகவே முடித்துக்கொள்ளலாம்.

இலைத்துளைகளை எடுத்துக்கொள்வோம். கேழ்வரகு இலையின் அடிப்புறத்திலும் அவரை இலையின் அடிப்புறத்திலும் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, நன்றாகக் காய்ந்ததும் ஒட்டும் நாடாவால் உரித்து, அதை ஸ்லைடில் ஒட்டி மறுநாள் ஆய்வகத்தில் பார்க்கலாம். அவரையில் இலைத்துளையின் இரு பக்கமும் உள்ள காப்புச் செல்கள் அவரை விதை வடிவிலேயே இருக்கும். புல் குடும்பத்தைச் சேர்ந்த கேழ்வரகில் அவை நடுவில் ஒடுங்கி இரு முனைகளிலும் பருத்து, உடற்பயிற்சிக்குத் தூக்கும் டம்பெல் போலத் தெரியும். கேழ்வரகு, கார்பன் டைஆக்சைடை முதலில் நான்கு கார்பன் கொண்ட சேர்மமாக நிலைநிறுத்தும் சி4 வகைத் தாவரம் என்பதால், ஒளிச்சேர்க்கைப் பாடம் நடக்கும் வாரத்தில் அதன் இலையைக் குறுக்காக வெட்டிக் கற்றை உறைச் செல்களையும் பார்த்துவிட்டால், அச்செல்கள் கற்றையைச் சுற்றி வளையமாக நிற்கும் கிரான்ஸ் அமைப்பைத் தனியாக மனப்பாடம் செய்யும் தேவை இராது. வானம் பார்த்த மானாவாரி நிலத்தில் அந்தப் பயிர் ஏன் தாக்குப்பிடிக்கிறது என்பதற்கும் ஒரு காரணம் அங்கே கிடைக்கும்.

தாவரக் குடும்பங்களைப் படிக்கச் சங்குப்பூவும் ஊமத்தையும் வேலியோரம் கிடைக்கும். சங்குப்பூவின் பத்து மகரந்தத் தாள்களில் ஒன்பது ஒன்றாக இணைந்திருக்க, ஒன்று தனித்து நிற்பதை ஊசியால் பிரித்துப் பார்த்தவர் மலர்ச் சூத்திரத்தை மறக்க மாட்டார். ஊமத்தையின் சூற்பையைக் குறுக்கே வெட்டினால் நான்கு அறைகள் தெரியலாம். அது இரண்டு சூலிலைகளால் ஆனதே, பொய்த் தடுப்புச் சுவர் ஒன்று தோன்றி அறைகளைப் பெருக்கிக் காட்டுகிறது. இந்தச் செடியின் எல்லாப் பாகமும் நச்சு. தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவும் வரை கண்ணையோ வாயையோ தொடக் கூடாது, தம்பி தங்கைகள் எடுக்கும் இடத்தில் வைக்கவும் கூடாது. பூக்கள் பருவம் பார்த்துத்தான் கிடைக்கும் என்பதால், பூக்கும் காலத்தில் பிரித்து வரைந்து வைத்துவிட வேண்டும்.

விலங்கியலில் பட்டுப்புழு வளர்ப்பு பாடமாகவே வருகிறது. புழு வளர்ப்பு மனை உள்ள வீட்டுப் பிள்ளை, முட்டையிலிருந்து வெளிவரும் புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து வளர்ச்சி நிலைகளைக் கடந்து கூடு கட்டுவதை ஒரு மாதத்துக்குள் நேரில் பார்த்துவிடுகிறது. தோலுரிக்கும் முன்பு புழு இலை தின்பதை நிறுத்தித் தலையை உயர்த்திக்கொண்டு அசையாமல் இருப்பதையும், கூடு கட்டச் சந்திரிகை எனப்படும் மூங்கில் தட்டில் எப்போது விடுகிறார்கள் என்பதையும் தேதியோடு குறித்து வைத்தால், ஒப்படைப்புக்கு வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. பயிர்ப் பெருக்கம் பற்றிய ஒப்படைப்புக்கும் இதே போல, கிருஷ்ணகிரி மாவட்டம் பையூரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த கேழ்வரகு, கொள்ளு ரகங்களை எடுத்துக்காட்டாக எழுதலாம். வீட்டுப் பெரியவர்களிடம் எந்த ரகம் விதைத்தோம் என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வேதிச் சோதனைகள்

இவை எளியவை, விரைவில் முடிபவை. பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கும்போது நீலம் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு வழியாகச் செங்கல் சிவப்புக்கு மாறினால் குளுக்கோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரை இருக்கிறது; அயோடினில் கருநீலம் தோன்றினால் ஸ்டார்ச் இருக்கிறது; பையூரட் சோதனையில் ஊதா வந்தால் புரதம் இருக்கிறது. மாற்றம் நிகழாவிட்டால் அதையும் அப்படியே எழுத வேண்டும். இரத்த வகை காணும் ஆய்வில் ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்தவே கூடாது. புதிய ஊசி இல்லையென்றால் அன்று பார்வையாளராக இருப்பதே சரி. சவ்வூடு பரவலைக் காட்டும் உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப்பை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்: குழியில் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, மட்டத்தைக் குண்டூசியால் குறித்து, நீருள்ள கிண்ணத்தில் வைத்தால் கரைசல் உயரும். வேகவைத்த கிழங்கிலும் செய்து பார்த்தால், உயிருள்ள சவ்வு எதற்குத் தேவை என்ற வாய்மொழிக் கேள்விக்கும் விடை தெரிந்துவிடும்.

அன்றாட வீட்டுப்பாடம்

கேள்விக்கு விடையை வழிகாட்டி நூலிலிருந்து எடுத்தெழுதுவது கைக்கு மட்டுமே வேலை. பாடப்புத்தகத்தின் பத்தியை ஒரு முறை படித்து, மூடிவைத்து, தன் சொற்களில் எழுதிய பிறகு திறந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நெஃப்ரான், இதயம், மகரந்தப்பையின் வெட்டு போன்ற படங்களைப் பெயரிடாமல் வரைந்து, மறுநாள் பேருந்தில் அமர்ந்து பெயர்களை மட்டும் எழுதிப் பார்க்கலாம். நின்றுகொண்டே போகும் பேருந்தில் அதைக்கூட வாய்க்குள் சொல்லிப் பார்க்கலாம். மரபியல் கணக்குகளைக் கட்டம் போட்டுத்தான் தீர்க்க வேண்டும். ஏ வகைத் தந்தைக்கும் பி வகைத் தாய்க்கும் ஓ வகைக் குழந்தை பிறக்க முடியுமா என்ற கேள்விக்கு, பெற்றோர் இருவரும் ஓ ஜீனையும் சுமந்தால் முடியும், அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று என்பதை நான்கு கட்டங்கள் ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். புரியாத வரியின் ஓரத்தில் பென்சிலால் குறியிட்டு, மறுநாள் இடைவேளையில் ஆசிரியரிடம் கேட்டுவிட வேண்டும். வார இறுதி வரை வைத்திருந்தால் குறிகள் இருபது ஆகும், கேட்கக் கூச்சமும் வந்துவிடும்.

ஏற்கெனவே தேங்கிவிட்டால்

காய்ச்சலாலோ ஊர்த் திருவிழாவாலோ அறுவடையாலோ சில வகுப்புகள் தவறுவது இயல்பு. அப்போது விட்ட முதல் ஆய்விலிருந்து வரிசையாக எழுதத் தொடங்குவது தவறான வழி, ஏனென்றால் பழையதை எழுதுவதற்குள் இந்த வார ஆய்வும் பழையதாகிவிடும். இந்த வார ஆய்வை அன்றே முடித்துவிட்டு, சனிக்கிழமைதோறும் பழையதில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வக உதவியாளரிடம் மரியாதையாகக் கேட்டால், நிலையான ஸ்லைடுகளை உணவு இடைவேளையில் பார்க்க ஏற்பாடு செய்து தருவார்கள். "ஐயா, அன்று நான் வரவில்லை, இதை ஒரு முறை பார்க்கலாமா" என்று கேட்கும் மாணவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது.

செய்முறைத் தேர்வு எழுத்துத் தேர்வுக்கு முன்பே வந்துவிடுகிறது. எனவே பொங்கல் விடுமுறை முடியும்போது பதிவேட்டில் பொருளடக்கம், பக்க எண், தேதி ஆகியவை நிரம்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஆய்வுக்கும் ஆசிரியரின் கையொப்பம் இருக்கிறதா என்று ஒரு முறை புரட்டிப் பார்த்து, விடுபட்டவற்றை ஒரே நாளில் வாங்கிக்கொண்டு, சான்றிதழ்ப் பக்கத்தில் கையொப்பத்துக்காக இரண்டு பதிவேடுகளையும் அந்தந்த ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.