கேபிள் டிவி நிகழ்ச்சிகளை வீட்டுக் கணினியில் பதிவு செய்வது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

டிவிக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும் ஒரு பழைய கணினியை வைத்து, டிஜிட்டல் கேபிளில் வரும் நிகழ்ச்சிகளை நேரம் குறித்துப் பதிவு செய்ய முடியும். பதிவு செய்ய வேகமான கணினி வேண்டுமே என்று பலர் பயப்படுகிறார்கள், தேவையில்லை. டிஜிட்டல் கேபிளில் படமும் ஒலியும் ஏற்கெனவே சுருக்கப்பட்டுத்தான் வருகின்றன. வருவதை அப்படியே டிஸ்கில் எழுதி வைப்பதுதான் வேலை, பத்து வருடம் பழைய ப்ராசஸர்கூட இதற்கு அலட்டிக்கொள்ளாது. எச்டி சேனல் ஒன்று நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், நான்கு சேனல்களைச் சேர்த்துப் பதிவு செய்தாலும் நொடிக்கு 4 மெகாபைட்தான் எழுத வேண்டியிருக்கும். சாதாரண ஹார்ட் டிஸ்க் அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் எழுதும்.

எதையும் வாங்குவதற்கு முன்

உங்கள் கேபிளில் வரும் சேனல்கள் பூட்டப்பட்டவையா (நிறுவனத்தின் கருவி இல்லாமல் படம் தெரியாதபடி மறைத்து அனுப்புபவை), திறந்தவையா என்று முதலில் பாருங்கள். இதைப் பார்க்காமல் ட்யூனர் (கேபிள் வயரில் வரும் சேனலைப் பிடித்துக் கணினிக்குக் கொடுக்கும் கருவி) வாங்கிவிட்டு முழிப்பவர்கள்தான் அதிகம். எளிய வழி: கேபிள் வயரை செட்டாப் பாக்ஸில் இருந்து கழற்றி, நேராக டிவியின் ஆன்டெனா துளையில் சொருகி, டிவியின் அமைப்புகளில் 'கேபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்து சேனல் தேடச் சொல்லுங்கள் (டிவியிலேயே டிஜிட்டல் கேபிள் ட்யூனர் இருக்க வேண்டும், அது முக்கியம்). படம் ஓடும் சேனல்கள் திறந்தவை, கணினியும் அவற்றை எடுக்கும். பெயர் மட்டும் வந்து திரை கறுப்பாக இருந்தால் அவை பூட்டப்பட்டவை.

பூட்டிய சேனல்களுக்கு நிறுவனம் பூட்டைத் திறக்கும் கார்டு கொடுத்தால், அதைச் சொருகும் சிஐ துளை உள்ள ட்யூனர்கள் கிடைக்கின்றன. எல்லாமே பூட்டு, கார்டும் கிடையாது என்றால் இந்த வழி உங்களுக்கு உதவாது, செட்டாப் பாக்ஸிலேயே யூஎஸ்பி பதிவு வசதி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நல்லது.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே பூட்டைத் திறக்க கேபிள்கார்டு என்று ஒன்று இருந்தது, அதை எச்டிஹோம்ரன் ப்ரைம் மாதிரியான ட்யூனரில் சொருகி விண்டோஸோடு வந்த மீடியா சென்டர் என்ற மென்பொருளில் பதிவு செய்வார்கள். 2012-இல் அடிப்படைச் சேனல்களையும் பூட்டிக்கொள்ள அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அனுமதித்தது, 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் மீடியா சென்டரையே எடுத்துவிட்டார்கள், 2020-இல் கேபிள்கார்டைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற விதியும் போய்விட்டது. அதனால் பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அந்த வழியில் புதிதாகப் பணம் போடாதீர்கள். இனி நான் சொல்வது டிவிபி-சி (டிஜிட்டல் கேபிளுக்கான ஒரு ஒளிபரப்புத் தரமுறை) உள்ள நாடுகளுக்கு.

ட்யூனர்: ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

கேபிளுக்குள் சேனல்கள் தனித்தனியாக ஓடுவதில்லை. ஒரு அலைவரிசையில் பல சேனல்களை மூட்டையாகக் கட்டி அனுப்புகிறார்கள், அந்த மூட்டைக்கு மக்ஸ் என்று பெயர். 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 256-க்வாம் என்ற முறையில் (தரவை அலையில் ஏற்றும் ஒரு வழி) அனுப்பினால் ஒரு மக்ஸில் நொடிக்கு ஏறக்குறைய 50 மெகாபிட் போகும், ஐந்தாறு எச்டி சேனல்கள் தாராளமாக அடங்கும். ஒரு ட்யூனர் ஒரு நேரத்தில் ஒரு மக்ஸைத்தான் பிடிக்கும், ஆனால் பிடித்த மக்ஸில் இருக்கும் எல்லாச் சேனல்களையும் ஒரே சமயத்தில் பதிவு செய்யலாம். ஆகவே நான்கு சேனல் பார்ப்பவருக்கு நான்கு ட்யூனர் தேவை என்று கணக்குப் போடாதீர்கள். நீங்கள் பார்க்கும் சேனல்கள் எந்தெந்த மக்ஸில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது அது. என் அனுபவத்தில் கணினிக்குள் மாட்டும், இரண்டு ட்யூனர் உள்ள ஒரே ட்யூனர் கார்டு ஒரு வீட்டுக்குப் போதும்.

வாங்கும்போது லினக்ஸில் (நாம் கணினியில் போடப்போகும் இலவச இயங்குதளம்) வேலை செய்யுமா, அதில் டிவிபி-சி இருக்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள். ஆன்டெனாவுக்கான டிவிபி-டி மட்டும் உள்ள யூஎஸ்பி ட்யூனர் குச்சிகளும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும்.

டிஸ்க் கணக்கு சுலபம். நொடிக்கு 8 மெகாபிட் எச்டி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி, 4 மெகாபிட் சாதாரணச் சேனல் என்றால் 1.8 ஜிபி. 1 டிபி டிஸ்கில் எச்டியே 270 மணி நேரத்துக்கு மேல் நிற்கும். இயங்குதளம் ஒரு சின்ன எஸ்எஸ்டியிலும் பதிவுகள் தனி ஹார்ட் டிஸ்கிலும் இருக்கட்டும்.

வயரைச் சொருகுவது

இதை ஒரு படியாகவே யாரும் எழுதுவதில்லை, ஆனால் நான் ஒரு வாரம் தொலைத்தது இங்கேதான். படம் நடுவில் கட்டம் கட்டமாக உடைந்தது. மென்பொருள் சரியில்லை என்று இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வெளிப்பின்னலில் இருந்து முடி போல ஒரே ஒரு இழை வளைந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நகத்தால் எடுத்துப் போட்டதும் எல்லாம் சரி. கனெக்டர் மாட்டும்போது இப்படி ஒரு இழைகூட உள்ளே தங்கக் கூடாது, நடுக்கம்பி விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஸ்ப்ளிட்டர் போடுவதாக இருந்தால், இரண்டாகப் பிரிப்பது சிக்னலில் சுமார் 3.5 டெசிபெல்லைத் தின்றுவிடும், நான்காகப் பிரித்தால் 7. தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள்.

மென்பொருள்

கணினியில் உபுண்டு போன்ற ஏதாவது லினக்ஸ், அதில் டிவிஹெட்எண்ட். பதிவு செய்யும் வேலை டிவிஹெட்எண்டுடையது, டிவித் திரையில் அழகாகக் காட்டுவது கோடி என்ற இன்னொரு மென்பொருள் (எண்ணில் வரும் கோடி இல்லை). இரண்டும் இலவசம்.

டிவிஹெட்எண்டை நிறுவும்போது ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும், மறக்காமல் குறித்து வையுங்கள். அப்புறம் வேறொரு கணினியின் பிரவுசரில் இந்தக் கணினியின் ஐபி எண் (வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரி), ஒரு முக்காற்புள்ளி (:), 9981 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கும். முதல் முறை அதுவே கையைப் பிடித்து அழைத்துப் போகும். ட்யூனருக்கு எந்த வகை நெட்வொர்க் என்று கேட்கும் இடத்தில் டிவிபி-சி என்று கொடுங்கள். அடுத்து, ஏற்கெனவே தயாராக இருக்கும் மக்ஸ் பட்டியல்களில் உங்கள் நாட்டையோ நிறுவனத்தையோ தேடுங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் ஒரே ஒரு மக்ஸின் அலைவரிசை, சிம்பல் ரேட் (தரவு அனுப்பும் வேகத்தைக் குறிக்கும் எண், 6900 அல்லது 6875 என்று இருப்பது வழக்கம்), க்வாம் எண் மூன்றையும் கையால் கொடுத்தால் போதும், பெரும்பாலும் அந்த ஒன்றிலேயே மற்ற மக்ஸ்களின் விவரமும் இருக்கும். இந்த எண்களை டிவியின் சிக்னல் தகவல் பக்கத்தில் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

தேடல் முடியும் வரை பொறுமையாக இருங்கள், டீ குடித்துவிட்டு வரலாம். முடிந்ததும் கிடைத்தவற்றைச் சேனல்களாக மாற்றச் சொல்லும். பூட்டிய சேனல்களையும் சேர்க்கவா என்ற கட்டத்தில் டிக் போடாதீர்கள், இல்லையென்றால் ஓடாத சேனல்களாகப் பட்டியல் நிறைந்துவிடும்.

பதிவுக்கான அமைப்புகள்

பதிவுகள் எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்பதைப் பெரிய டிஸ்குக்கு மாற்றுங்கள். டிவிஹெட்எண்ட் தனக்கென்று ஒரு பயனர் கணக்கில் ஓடுகிறது, அந்தக் கணக்குக்கு இந்த ஃபோல்டரில் எழுதும் அனுமதி கொடுக்காவிட்டால் பதிவு தொடங்கிய உடனே தோற்றுவிடும். ஆரம்பத்தில் 'எல்லாம் செய்தேன், ஒன்றும் பதிவாகவில்லை' என்பவர்களுக்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

அடுத்தது நேரம். நிகழ்ச்சிகள் அட்டவணைப்படி முடிவதில்லை, விளையாட்டுப் போட்டி என்றால் கேட்கவே வேண்டாம். முன்னால் 3 நிமிடம், பின்னால் 10 நிமிடம் கூடுதலாகப் பதிவாகும்படி வைத்துவிடுங்கள், போட்டிகளுக்கு மட்டும் பின்னால் ஒரு மணி நேரம். கணினியின் கடிகாரமும் நேர மண்டலமும் சரியாக இருக்கின்றனவா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நிகழ்ச்சி அட்டவணையைத் திறந்து வேண்டியதைச் சொடுக்கி 'பதிவு செய்' கொடுத்தால் வேலை முடிந்தது. தொடர் என்றால், அதன் பெயர் எப்போது வந்தாலும் பதிவு செய்யும்படி ஒரு விதி போடலாம். அப்படி விதி போடும்போது சேனலையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள், 'செய்திகள்' என்று மட்டும் போட்டால் எல்லாச் சேனலின் செய்தியும் நாள் முழுக்க வந்து குவியும்.

முதல் சோதனை

பத்து நிமிடம் ஏதாவது ஒன்றைப் பதிவு செய்து, முடிந்த பதிவுகளின் பட்டியலில் பிழை எண்ணிக்கையைப் பாருங்கள். கேபிளில் வரும் தரவு 188 பைட் துண்டுகளாக வருகிறது, ஒவ்வொரு துண்டிலும் 0 முதல் 15 வரை சுற்றிச் சுற்றி வரும் ஒரு வரிசை எண் இருக்கும். 5-க்கு அடுத்து 7 வந்தால் நடுவில் ஒன்று தொலைந்தது என்று பொருள், அதைத்தான் பிழை என்று எண்ணுகிறார்கள். பூஜ்யம் வர வேண்டும். பத்து நிமிடத்திலேயே நூற்றுக்கணக்கில் வந்தால் மென்பொருளில் கை வைக்காமல் வயருக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் போங்கள். ஒரே ஒரு மக்ஸின் சேனல்களில் மட்டும் பிழை வந்தால் அந்த அலைவரிசையில் மட்டும் சிக்னல் பலவீனம். சிக்னல் அளவுக்கு மீறி இருந்தாலும் இதே தொல்லை வரும், அப்போது சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் ஒன்றை நடுவில் மாட்ட வேண்டும்.

பூஜ்யம் வந்துவிட்டதா? கோடியில் டிவிஹெட்எண்டுக்கான இணைப்பைச் சேர்த்து, ஐபி எண்ணும் முன்பு குறித்து வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள், ரிமோட்டிலேயே பதிவுகளைப் பார்க்கலாம், புதிதாகக் குறிக்கவும் செய்யலாம். டிஸ்கில் எப்போதும் 20 ஜிபியாவது காலியாக இருக்கும்படி டிவிஹெட்எண்டிலேயே ஒரு வரம்பு வைக்க முடியும், பதிவுகளை 'இடம் இருக்கும் வரை வைத்திரு' என்ற வகையில் வைத்திருந்தால், இடம் குறையும்போது பழையதை அதுவே அழிக்கும். வீட்டில் யாராவது பத்திரமாக வைக்கச் சொன்ன பதிவுகளுக்கு மட்டும் 'எப்போதும் வைத்திரு' என்று மாற்றிவிடுங்கள், நான் மாற்ற மறந்து வாங்கிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது.